"ஒரு பக்கமா இழுக்குதுண்ணா": இரட்டை இன்ஜின் சிமுலேட்டரில் பிழை தேடுவது எப்படி

தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும் மொட்டைமாடி அறைகளில் பலகையையும் பழைய மானிட்டரையும் வைத்து, வீட்டிலேயே காக்பிட் (விமானி அறை) கட்டி, கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் விமானம் ஓட்டுகிற பையன்கள் சிலரை எனக்குப் பழக்கம். மீனம்பாக்கத்தில் கிழக்கு நோக்கிய 07 ஓடுபாதையில் ஏறி, கடலுக்கு மேல் வந்ததும் இடது பக்கம் திரும்பி, துறைமுகத்தையும் காசிமேட்டையும் தங்கள் தெருவையும் மேலிருந்து பார்க்க வேண்டும், அதுதான் எல்லோருக்கும் முதல் ஆசை. அதற்குள் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்துவிடும்: "அண்ணா, ஒரு பக்கமா இழுக்குதுண்ணா."

இந்த ஒரே புகாருக்குப் பல காரணங்கள் இருக்கலாம். சிலது, விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் லீவருக்குள் படிந்த உப்புத்தூசி. சிலது பிழையே இல்லை, விமானத்தின் சுபாவம். சிலது இதுவரை சத்தமில்லாமல் உதவிக்கொண்டிருந்த ஒரு கருவி கைவிட்டது. அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் புகார் எதுவோ நேரே அங்கே போகலாம். அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில்: ரட்டரை யார் பிடித்திருக்கிறார்கள்?

ஏர்பஸ் ஏ320-இன் ஒரு இன்ஜின் ஏறும்போது சுமார் 12 டன் விசையோடு தள்ளும். அது தொங்குவது விமானத்தின் நடுக்கோட்டிலிருந்து ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில். இரண்டு இன்ஜினும் ஒரே அளவு தள்ளும்வரை வம்பில்லை. ஒன்று நின்றால், சரக்கேற்றிய மீன்பாடி வண்டியைப் பின்னால் ஒரே மூலையில் கைவைத்துத் தள்ளுகிற கதைதான். முன்னே போவதை விட்டுவிட்டு வண்டி சுற்றப் பார்க்கும். விமானத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. மூக்கு செத்த இன்ஜின் பக்கம் திரும்பும்போது எதிர்ப்பக்க இறக்கை வேகமாகக் காற்றை வெட்டுகிறது, அதன் தூக்குவிசை கூடுகிறது, விமானம் செத்த பக்கமாகவே சாயவும் ஆரம்பிக்கிறது. இழுப்பது முதலில், கவிழ்வது அப்புறம்.

இதற்கு மருந்து, வாலில் செங்குத்தாக நிற்கும் திரும்பு பலகையான ரட்டர். காலால் பெடலை மிதித்தால் அது திரும்பும். அந்த மருந்தை யார் கொடுக்கிறார்கள் என்பதில்தான் விமானத்துக்கு விமானம் வித்தியாசம். உங்கள் காலா? ரட்டரைத் திருப்பிய நிலையிலேயே நிறுத்திவைக்கும் ட்ரிம் குமிழா? கம்ப்யூட்டரா? இல்லை, ரட்டரை யாருமே தொடாமல் ஆட்டோபைலட் இறக்கையைச் சாய்த்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறதா? விமானம் நேராகப் போகிறது என்பதால் இரண்டு இன்ஜினும் சமம் என்று அர்த்தமில்லை. யாரோ ஒருவர் சமன் செய்துகொண்டிருக்கலாம். அதனால் பிழை தேடும்போது அடிவானத்தைப் பார்த்து ஒரு முடிவுக்கு வராதீர்கள். பெடல், யோக் (விமானத்தைச் சாய்க்கும் கைப்பிடி), ட்ரிம் எண், இரண்டு இன்ஜினின் என்1 எண்கள் ஆகிய நான்கையும் பாருங்கள். என்1 என்பது இன்ஜினின் முன்விசிறி சுற்றும் வேகம், சதவீதமாகக் காட்டும்.

சோதனையைத் தொடங்குமுன் காற்றைப் பூஜ்யமாக்குங்கள். இரண்டு இறக்கையிலும் எரிபொருளைச் சமமாக வையுங்கள். ட்ரிம்கள் எல்லாம் நடுவில் இருக்கட்டும். சிமுலேட்டர் அமைப்புகளில் 'ஆட்டோ ரட்டர்' என்று ஓர் உதவி இருக்கும், அதை அணையுங்கள். பெடல் இல்லாதவர்களுக்காக வைத்த வசதி அது. பெடல் இருப்பவருக்கும் அது ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் ஒரு பக்கம் மிதிக்க, அது இன்னொரு பக்கம் மிதிக்கும்.

"ஒரே இன்ஜின்தாண்ணா, ஆனாலும் இடது பக்கம் போகுது"

செஸ்னா 172-இல் பழகுகிறவர் அத்தனை பேரும் கேட்பது இது. பிழை இல்லை. ப்ரொப்பெல்லர் சுழற்றித் தள்ளும் காற்று உடம்பைச் சுற்றிக்கொண்டு போய் வாலில் இடது பக்கம் மோதுகிறது. மூக்கைத் தூக்கி ஏறும்போது கீழே இறங்கும் வலது பக்க இலை மேலே ஏறும் இடது இலையைவிட அதிகமாகக் காற்றைக் கடிக்கிறது. இரண்டும் சேர்ந்து மூக்கை இடது பக்கம் தள்ளும். நிஜ செஸ்னாவின் ரட்டரிலேயே இதற்கென்று ஒரு சின்னத் தகடு உண்டு, தரையில் நிறுத்தி வைத்துக் கையால் வளைத்துச் சரிசெய்வார்கள். அதுவும் சமவேகப் பறப்புக்குத்தான் கணக்கு. ஏறும்போது வலது காலைக் கொடுங்கள், வேகம் கூடக்கூட மெல்ல எடுங்கள். அவ்வளவுதான்.

"லீவர் ரெண்டும் ஒண்ணாதான் இருக்கு, என்1 மட்டும் ஒண்ணா இல்ல"

நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். கையில் இருக்கும் லீவர்கள் நேர்கோட்டில் நிற்கும். திரையில் ஒன்று 82, இன்னொன்று 74. கோளாறு விமானத்தில் இல்லை, உங்கள் பெட்டிக்குள் இருக்கிறது.

வீட்டில் செய்த த்ராட்டில்களில் பெரும்பாலும் ஆர்டுயினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டு போர்டும், லீவருக்கு ஒன்றாக, திருப்பத் திருப்ப மின்தடை மாறும் இரண்டு பொட்டன்ஷியோமீட்டரும்தான் இருக்கும். போர்டு ஒவ்வொன்றின் நிலையையும் 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகப் படிக்கிறது. அந்த எண்களைக் கம்ப்யூட்டரில் காட்டும் சீரியல் மானிட்டரைத் திறந்து, லீவர்களைக் கீழ்முனை, நடு, மேல்முனை என்று நிறுத்தி எண்களைத் தாளில் எழுதுங்கள். அதற்குப் பிறகு யோசித்தால் போதும்.

முனைகளில் மட்டும் எண்கள் வேறுபட்டால் அது வெறும் அளவீட்டுப் பிரச்சினை. பொட்டன்ஷியோமீட்டர் கிட்டத்தட்ட 300 பாகை சுற்றும். உங்கள் லீவர் அதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாமல் போகலாம். இரண்டையும் பொருத்தும்போது கொஞ்சம் முன்பின் திருப்பி வைத்திருப்பீர்கள். சிமுலேட்டரில் காலிபரேஷனை (லீவரின் முனைகளை அளந்து பதிவதை) மறுபடி செய்தால் சரியாகிவிடும்.

முனைகளில் ஒத்துப்போய் நடுவில் மட்டும் வேறுபட்டால், வாங்கி வந்த பொருளைத் திருப்பிப் பாருங்கள். ஒன்றின் முதுகில் பி10கே என்றும் இன்னொன்றில் ஏ10கே என்றும் இருக்கும். பார்வைக்கு அச்சு அசல் ஒன்றுதான். பி வகை சீராக ஏறும். ஏ வகை ரேடியோவில் சத்தம் கூட்டுவதற்காகச் செய்தது. முதல் பாதியில் மெதுவாக ஏறி, கடைசியில் பாயும். மல்டிமீட்டரை வைத்து நடுவில் அளந்தால் பி வகை ஐந்தாயிரம் ஓம் பக்கம் காட்டும், ஏ வகை அதில் பாதிகூடக் காட்டாது. ரிச்சி தெருவில் டப்பாவில் கலந்து கிடப்பதை அள்ளி வந்தால் இப்படித்தான் ஆகும். மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. மென்பொருளில் வளைவு போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த வளைவு இருப்பதையே ஆறு மாதத்தில் மறந்துவிடுவீர்கள்.

லீவரைத் தொடாமலே எண் முப்பது நாற்பது என்று துள்ளினால், உள்ளே கரித்தடம் அழுக்காகிவிட்டது. கடற்கரையை ஒட்டிய வீடுகளில் இது சகஜம். ராயபுரத்தில் ஜன்னல் கம்பியைத் தின்கிற அதே உப்புக்காற்றுதான் இங்கேயும் வேலையைக் காட்டுகிறது. காண்டாக்ட் கிளீனரை உள்ளே அடித்து, தண்டை முழுச்சுற்றும் பலமுறை திருப்பி, காயவிட்டு மறுபடி பாருங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். முதல் நாள் நன்றாக ஓடும், அப்புறம் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சுத்தம் செய்தும் துள்ளினால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, உரசாமல் காந்தத்தை வைத்துப் படிக்கும் ஹால் சென்சாருக்கு மாறிவிடுங்கள். கடலோரத்துக்கு அதுதான் தாங்கும்.

ஒரு லீவரை நகர்த்தும்போது மற்றதன் எண்ணும் கூடவே ஆடுகிறதா? உள்ளே ஏதோ ஒயரில் பற்றவைத்த இடம் விட்டிருக்கலாம். ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள், விட்டது கையோடு வரும்.

இந்தப் பிழையில் ஒரு வேடிக்கை உண்டு. இதே லீவரோடு போயிங் 777 ஓட்டினால் இழுப்பே தெரியாது, 737-இல் மட்டும் தெரியும். "அப்ப 737 மாடல்தான் சரியில்ல" என்று ஒரு தம்பி அதை அழித்துவிட்டு வேறு மாடல் இறக்கினான். 777 ஏன் காட்டவில்லை என்பதைக் கீழே சொல்கிறேன்.

"த்ராட்டிலைத் தள்ளின உடனே மூக்கு ஓடிடுது, அப்புறம் தானா சரியாயிடுது"

ஓடுபாதையில் நின்ற இடத்திலிருந்து லீவர்களை ஒரே மூச்சில் முழுக்கத் தள்ளியிருப்பீர்கள். ஜெட் இன்ஜின் சும்மா சுற்றும் நிலையிலிருந்து வேகம் பிடிக்கச் சில வினாடி ஆகும். இரண்டும் ஒரே வினாடியில் எழுந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஒன்று 90-இல் இருக்கும்போது மற்றது 50-இல் இருந்தால், அந்தச் சில வினாடிக்கு நீங்கள் ஒற்றை இன்ஜின் விமானி. வேகம் இல்லாததால் ரட்டருக்கும் பலம் இருக்காது.

நிஜத்திலும் இதனால்தான் இரண்டு கட்டமாகத் தள்ளுகிறார்கள். 737-இல் முதலில் சுமார் 40 சதவீத என்1, ஏ320-இல் சுமார் 50. இரண்டு முள்ளும் அங்கே வந்து ஒன்றாக நின்ற பிறகே மீதி.

காற்றைப் பூஜ்யமாக்காமல் சோதித்தவர்களுக்கு ஒரு வார்த்தை: மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழுந்த பிறகு நேரடி வானிலையோடு 07-இல் ஏறினால், தென்கிழக்கிலிருந்து வரும் காற்று வாலைத் தள்ளி மூக்கை வலது பக்கம், காற்று வரும் திசைக்கே, திருப்பும். இன்ஜினைக் குறை சொல்ல வேண்டாம்.

"777-ல ஒரு இன்ஜினை அணைச்சேன், ஒண்ணுமே ஆகல"

ஆகியிருக்கிறது, உங்களுக்குத் தெரியவில்லை. 777-இல் உந்துவிசை ஏற்றத்தாழ்வைச் சமன் செய்யவே தனியாக ஓர் அமைப்பு இருக்கிறது. சுருக்கமாக டாக் என்பார்கள். இரண்டு இன்ஜின்களின் தகவலையும் அது தொடர்ந்து ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். உந்துவிசையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்தால், தேவையான அளவு ரட்டரைத் தானே திருப்பிவிடும். பெடலும் நகரும், ட்ரிம் எண்ணும் மாறும். மேலே சொன்ன கோணல் லீவரை அது மறைத்தது இப்படித்தான். ட்ரிம் எண்ணைப் பார்த்திருந்தால் நேரான பறப்பிலும் அது பூஜ்யத்தில் நிற்காததைக் கண்டுபிடித்திருக்கலாம்.

இங்கே புகார் பெரும்பாலும் இரண்டாவது முறை வரும்: "நேத்து ஒண்ணும் ஆகல, இன்னிக்கு ஓடுபாதையை விட்டே ஓடிடுச்சு." நேற்று எந்த வேகத்தில் அணைத்தீர்கள், இன்று எந்த வேகத்தில் என்று பாருங்கள். தரையில் 70 நாட் (மணிக்கு 70 கடல்மைல்) வேகத்துக்குக் கீழே டாக் வேலை செய்யாது. அந்த வேகத்தில் ரட்டரை முழுக்கத் திருப்பினாலும் அதில் பெரிதாகக் காற்று படாது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: இரண்டு லீவரையும் உடனே பின்னால் இழுத்து நிறுத்துவது. தரையில் வேகத்தைக் குறைக்க விசையை எதிர்த்திசையில் திருப்பும் ரிவர்ஸ் போட்டிருக்கும்போதும் டாக் விலகிக்கொள்ளும். இன்ஜின் தகவலே வராமல் போனால், எதை வைத்து ஒப்பிடுவது? அப்போதும் விலகும், எச்சரிக்கையும் வரும். சிமுலேட்டரில் பழுதுப் பட்டியலைத் திறந்து 'இன்ஜின் பலத்த சேதம்' என்று தேர்ந்தெடுத்தால், சில மாடல்களில் இதைப் பார்க்கலாம். இலவச மாடல்கள் பலவற்றில் டாக் என்ற பொத்தான் மட்டும் இருக்கும், பின்னால் எதுவும் இருக்காது.

அமைப்பு நன்றாக வேலை செய்யும்போதும் ஓடுபாதையில் இன்ஜின் செத்தால் மூக்கு கொஞ்சம் உதறும். அது வேண்டுமென்றே விட்டுவைத்தது. முழுக்கச் சமன் செய்துவிட்டால் விமானிக்கு இன்ஜின் போனதே உடம்பில் உறைக்காது. எனக்கு இந்த வடிவமைப்பில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

"737 ஆட்டோபைலட்ல நேரா போகுது, ஆனா யோக் சாஞ்சிருக்கு"

இந்த அறிகுறியைக் கவனித்துச் சொன்ன பையனை நான் பாராட்டினேன். பலர் கவனிப்பதில்லை. உங்கள் மேசையில் இருக்கும் யோக்கில் மோட்டார் கிடையாது, அது அசையாமல் நிற்கும். திரைக்குள் இருக்கும் காக்பிட்டின் யோக்கைப் பாருங்கள்.

737-இன் ஆட்டோபைலட் பறக்கும்போது இறக்கைகளையும் மூக்கின் ஏற்ற இறக்கத்தையும் பார்த்துக்கொள்ளும். ரட்டர் அதன் கையில் இல்லை. யா டேம்பர் என்று ஒன்று ரட்டரைச் சின்னச் சின்னதாக அசைக்கும். அது வால் ஆட்டத்தை அடக்க, இன்ஜின் போனதைத் தாங்க அல்ல. ஒரு பக்கம் விசை குறைந்தால் ஆட்டோபைலட்டுக்குத் தெரிவது, விமானம் சாயப் பார்க்கிறது என்பது மட்டுமே. அது யோக்கை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்கிறது. மூக்கு கொஞ்சம் கோணலாக இருந்தாலும் விமானம் நேராகப் போகும். விசை இன்னும் குறைந்தால் இன்னும் திருப்பும். ஒரு கட்டத்தில் திருப்ப இடமிருக்காது. அப்போது நீங்கள் ஆட்டோபைலட்டை அணைத்தால், இத்தனை நேரம் அது தாங்கிப் பிடித்த மொத்தமும் ஒரே நொடியில் உங்கள் கைக்கு வரும்.

சரிசெய்வது எளிது. யோக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கப் பெடலை மிதியுங்கள். யோக் மெல்ல நிமிரும். நிமிர்ந்ததும் அதே அளவுக்கு ரட்டர் ட்ரிம் குமிழைத் திருப்பிவிட்டுக் காலை எடுக்கலாம். இதைச் செய்வதற்கு முன் ஆட்டோபைலட்டை அணைக்கவே அணைக்காதீர்கள். அப்புறம் என்1 எண்களைப் பார்த்து, விசை ஏன் வேறுபட்டது என்று தேடுங்கள்.

1985 பிப்ரவரி 19 அன்று சீனா ஏர்லைன்ஸின் 006 விமானத்தில் இதுதான் நடந்தது. போயிங் 747எஸ்பி, 41,000 அடி உயரத்தில், சான் பிரான்சிஸ்கோவை நெருங்கிக்கொண்டிருந்தது. வலது கோடியில் இருந்த நான்காவது இன்ஜின் விசை இழந்தது. ஆட்டோபைலட் இறக்கையை வைத்தே சமாளித்தது, ரட்டரை யாரும் தொடவில்லை. வேகம் குறைந்துகொண்டே வந்தது. கேப்டன் ஆட்டோபைலட்டை விடுவித்ததும் விமானம் வலது பக்கம் உருண்டு, மேகத்துக்குள் தலைகுப்புறப் போனது. சுமார் 9,500 அடியில்தான் பிடித்து நிமிர்த்தினார்கள். வாலின் பகுதிகள் பிய்ந்துபோயிருந்தும் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியது, அனைவரும் பிழைத்தார்கள்.

2021 ஜனவரி 9 அன்று ஜகார்த்தாவிலிருந்து ஏறிய ஸ்ரீவிஜயா ஏர் 182-க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அது 737-500. அங்கே எந்த இன்ஜினும் சாகவில்லை. ஏறும்போது, லீவர்களைத் தானே நகர்த்தும் ஆட்டோத்ராட்டில் விசையைக் குறைக்க முயன்றது. வலது லீவர் நகரவில்லை, இடது மட்டும் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. ஆட்டோபைலட் வலது பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தது. இந்த அளவு வித்தியாசம் வந்தால் ஆட்டோத்ராட்டிலைத் துண்டிக்க வேண்டிய கண்காணிப்பும் தாமதமாகவே துண்டித்தது. விமானம் இடது பக்கம் உருண்டு கடலில் விழுந்தது, 62 பேரும் இறந்தார்கள்.

மாடி அறையில் உட்கார்ந்து விளையாடும் நமக்கு இதில் ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. ஆட்டோபைலட்டைப் போட்டு, ஒரு நண்பனை உங்களுக்குத் தெரியாமல் ஒரு லீவரை மெல்ல மெல்லக் குறைக்கச் சொல்லுங்கள். நீங்கள் எத்தனை நேரத்தில் கண்டுபிடிக்கிறீர்கள் என்று பாருங்கள். சட்டென்று சாகும் இன்ஜினை எவனும் கண்டுபிடித்துவிடுவான்.

"ஏர்பஸ்ல அடிவானத்து மேல இருக்கிற சின்னக் கட்டம் நீலமாயிடுச்சு"

ஏ320 வேறு மாதிரி. ஸ்டிக்கை விட்டாலும் கம்ப்யூட்டர் அதைக் கவிழவிடாது. இன்ஜின் போனால் லேசான சாய்வோடும் கோணலோடும் தானே நிலைகொள்ளும். ஆனால் அந்தக் கோணல் காற்றுத்தடையைக் கூட்டும், ஏறும் திறனைத் தின்னும். ஏறும் கட்டத்தில் பெரிய ஏற்றத்தாழ்வு வந்தால் கோணலைக் காட்டும் அந்தச் சின்னக் கட்டம் நீலமாகிவிடும். அது நடுவுக்கு வரும்வரை அது ஒதுங்கியிருக்கும் பக்கப் பெடலை மிதிப்பதுதான் வேலை. துல்லியமாகச் சறுக்கல் பூஜ்யம் ஆகாது; ஏறுவதற்கு எது சிக்கனமோ அந்த இடத்துக்குத்தான் அது உங்களைக் கூட்டிப்போகும். ஆட்டோபைலட் இருந்தால் ரட்டர் ட்ரிம்மை அதுவே போட்டுவிடும், குமிழை நீங்கள் திருப்பினாலும் பலன் இருக்காது. "குமிழ் வேலை செய்யலண்ணா" என்று வரும் புகார்களுக்கும் இதுதான் பதில்.

இன்னொன்று. ஆட்டோத்ரஸ்ட் விசையைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஏர்பஸ் லீவர்கள் நகராது. லீவரைப் பார்த்து ஏற்றத்தாழ்வைக் கண்டுபிடிக்கும் பழக்கம் இங்கே உதவாது. என்1 மட்டுமே சாட்சி.

"காலை முழுசா அழுத்தியும் நிக்கல, கவுந்துடுது"

ப்ரொப்பெல்லர் விமானம், குறைந்த வேகம், முழு விசை. தூத்துக்குடி, சேலம் பக்கம் போய்வரும் ஏடிஆர் 72-ஐ ஓட்டிப் பார்ப்பவர்கள் இங்கே வந்து மாட்டுவார்கள்.

ரட்டரின் பலம் வேகத்தின் இருபடியைப் பொறுத்தது. 140 நாட் வேகத்தில் கிடைப்பதில் பாதிதான் 100 நாட் வேகத்தில் கிடைக்கும். ஓடும் இன்ஜினின் இழுப்போ வேகம் குறையக் குறையக் கூடும். இரண்டும் எதிரெதிரே போகும்போது ஒரு வேகத்துக்குக் கீழே முழு ரட்டரும் போதாமல் போகும். சிறிய இரட்டை இன்ஜின் விமானங்களின் வேகமானியில் சிவப்புக் கோடாகப் போட்டிருப்பது அதைத்தான். அதற்குக் கீழே போய்விட்டால் இன்னும் மிதிப்பதில் பயனில்லை, மிதிக்க இடமும் இல்லை. மூக்கைத் தாழ்த்துங்கள். அதுவும் போதாவிட்டால், மனசுக்கு ஒப்பாவிட்டாலும், ஓடுகிற இன்ஜினின் விசையையும் குறையுங்கள். உயிரோடு இருக்கும் இன்ஜின் பக்கம் ஐந்து பாகை வரை சாய்த்துப் பிடித்தால் ரட்டருக்குச் சுமை குறையும். அதற்கு மேல் சாய்க்காதீர்கள்.

செத்த இன்ஜினின் ப்ரொப்பெல்லர் சும்மா சுழன்றுகொண்டிருந்தால் அது பெரிய தட்டாகக் காற்றைத் தடுக்கும். அதனால்தான் ஏடிஆரில் இலைகளைத் தானே காற்றுக்கு விளிம்பாகத் திருப்பிவிடும் அமைப்பு இருக்கிறது. கூடவே மற்ற இன்ஜினின் சக்தியையும் உயர்த்திவிடும். சிமுலேட்டரில் இது நடக்கவில்லை என்றால் ஏறுமுன் அந்தப் பொத்தானைப் போட மறந்திருப்பீர்கள். இரண்டு ப்ரொப்பெல்லரும் பின்னாலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றில் சுழலும் விமானங்களில் இடது இன்ஜின் போவதுதான் மோசம். வலது இன்ஜினின் கீழிறங்கும் இலை நடுக்கோட்டிலிருந்து அதிகத் தூரத்தில் இழுக்கிறது.

எது செத்தது என்று குழம்பினால், நேராகப் பிடிக்க எந்தக் கால் மிதிக்கிறது என்று பாருங்கள். சும்மா இருக்கும் கால் பக்க இன்ஜின்தான் செத்தது. அதை அணைக்கும் முன் அதன் லீவரை மெல்லப் பின்னால் இழுத்துப் பாருங்கள். எதுவும் மாறவில்லை என்றால்தான் சரியானதைப் பிடித்திருக்கிறீர்கள். 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் டிரான்ஸ்ஏசியா 235 என்ற ஏடிஆர் 72 ஏறியதும் வலது ப்ரொப்பெல்லர் பழுதால் தானாக விளிம்பு திரும்பியது. விமானிகள் அணைத்தது நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது இன்ஜினை. 58 பேரில் 43 பேர் இறந்தார்கள்.

"ஒரு மணி நேரம் நல்லா போச்சு, அப்புறம் ஒரு இறக்கை கனமாயிடுச்சு"

ஒரு இன்ஜினோடு பறந்தால் ஒரு பக்கத்து எரிபொருள் மட்டும் தீரும். இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கிராஸ்ஃபீட் வால்வைத் திறந்து, கனமான பக்கத்திலிருந்து ஊட்டுங்கள். முக்கியமாக, இந்தக் கனத்தை ரட்டர் ட்ரிம்மால் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

"இறங்கும்போது எதிர்ப்பக்கம் இழுக்குது"

ஒற்றை இன்ஜினோடு அருமையாக வந்து, தரைக்குப் பக்கத்தில் லீவரைக் குறைத்ததும் மூக்கு மறுபக்கம் போகிறதா? நீங்கள் போட்ட ட்ரிம் இன்னும் அப்படியே இருக்கிறது, அது எதிர்த்த விசை போய்விட்டது. 777-இல் விசை குறையக் குறைய டாக் தானே பின்வாங்கும். 737-இல் உங்கள் வேலை: 500 அடி உயரம் வருவதற்குள் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, மீதியைக் காலால் பிடியுங்கள், விசையைக் குறைக்கும்போது காலையும் சேர்த்து எடுங்கள். தரை தொட்டதும் ஓடுகிற இன்ஜினில் மட்டும் ரிவர்ஸ் போட்டால் மூக்கு அந்தப் பக்கமே இழுக்கும், அப்போது டாக்கும் துணைக்கு இருக்காது. மழை பெய்து நனைந்த ஓடுபாதை என்றால் ரிவர்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, பெடலால் நேராகப் பிடித்துக்கொண்டே ப்ரேக்கைக் கொடுங்கள்.